சிறிய அறையில் பேஸ் முழங்குகிறது, குரல் சிதறுகிறது: புதிய கருவி வாங்காமல் சரிசெய்ய வழி உண்டா?

தாழ்சுருதி (கேள்வி):

நண்பர்களுக்கு வணக்கம். பாட்டுக் கேட்பதற்கென்று நான் ஒதுக்கியிருக்கும் அறை 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்டது. உயரமும் ஏறக்குறைய 3 மீட்டர்தான். தரையில் டைல்ஸ் பதித்திருக்கிறது, சுவர்கள் வெறுமையாக உள்ளன, இடப்பக்கம் பெரிய கண்ணாடிச் சன்னல் ஒன்று இருக்கிறது. 5 அங்குல வூஃபரும் (தாழ்ந்த ஒலியைத் தரும் கூம்பு) பின்புறம் போர்ட்டும் (காற்றுத் துளை) உள்ள சிறிய ஸ்பீக்கர்கள் இரண்டையும், குறுகலான சுவரோரம் இருக்கும் மர அலமாரியின் மேல், ஆளுக்கொரு மூலையாக ஒட்டி வைத்திருக்கிறேன். எதிர்ச்சுவரை ஒட்டி என் நாற்காலி இருக்கிறது.

சிக்கல் இரண்டு. பேஸ் கிடாரின் சுரங்கள் எல்லாம் ஒரே அளவில் கேட்பதில்லை. ஓரிரு சுரங்கள் மட்டும் அறையை நிறைத்து முழங்கிவிட்டு, அடுத்த சுரம் வந்த பிறகும் அடங்காமல் நிற்கின்றன. குரலிலோ ‘ச’, ‘ஷ’ போன்ற ஒலிகள் காதைக் கீறுகின்றன. பாடுபவர் நடுவில் நிற்பதாகத் தோன்றாமல் இரண்டு பெட்டிகளிலும் சிதறிக் கிடக்கிறார். அறையில் கை தட்டினால் ‘ட்ரிங்’ என்று உலோகம் அதிர்வது போன்ற ஓர் ஒலி பின்தொடர்கிறது.

ஆம்ப்ளிஃபையரை மாற்றச் சொல்கிறவர்களும் கேபிளை மாற்றச் சொல்கிறவர்களும் என்னைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் பொருள்களையும் கொஞ்சம் மரவேலையையும் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும், அதில் எதை முதலில் செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவது பயன்தருமா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

சுவரோரம்:

அறையின் அளவுகளைக் கேள்வியிலேயே கொடுத்துவிட்டது நல்லதாயிற்று, ஏனென்றால் உங்கள் முதல் சிக்கலுக்கான விடை அந்த எண்களுக்குள்ளேயே இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு இடையிலான தூரம் அலைநீளத்தில் சரிபாதியாக அமையும் அதிர்வெண்ணில், அந்த ஒலி சுவர்களுக்கிடையே போய்வந்து தன்மேலேயே ஏறி நின்றுவிடும். உங்கள் 4 மீட்டர் நீளத்துக்கு அது 43 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பான 86 ஹெர்ட்ஸிலும் இதே நிகழும். பேஸ் கிடாரில் எஃப் சுரம் கீழ் ஸ்தாயியில் 43.7 ஹெர்ட்ஸிலும் அடுத்த ஸ்தாயியில் 87.3 ஹெர்ட்ஸிலும் வருகிறது. ஆகவே எஃப் சுரத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் வாசிக்கும்போதெல்லாம் உங்கள் அறையும் சேர்ந்து வாசிக்கிறது. முழங்குவது அந்தச் சுரமா என்று சோதித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

நின்றுபோன இந்த அலைகளின் அழுத்தம் சுவரோரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். நாற்காலியைச் சுவரில் ஒட்டிவிட்டு நீங்கள் அந்த உச்சத்திலேயே தலையை வைத்திருக்கிறீர்கள். ஸ்பீக்கர்களும் மூலையில் இருப்பதால், அந்த அலைகளை எழுப்புவதற்கு அறையிலேயே மிகத் தோதான இடத்திலிருந்து வேலை செய்கின்றன. கேட்கிறவரும் பெட்டியும் தலா ஒரு மீட்டருக்குள் நகர்ந்தாலே கிடைக்கும் மாற்றத்தை எந்த ஆம்ப்ளிஃபையரும் தராது.

நாற்காலியிலிருந்து தொடங்குங்கள். பின்சுவரிலிருந்து சரியாக 1 மீட்டர் தள்ளி, அதாவது நீளத்தில் கால்பங்கில், 86 ஹெர்ட்ஸ் அலையின் அழுத்தம் ஏறத்தாழ இல்லாமல் போகிறது. அறையின் நட்டநடுவே உட்கார்ந்தால் 43 ஹெர்ட்ஸ் மறைந்துவிடும், ஆனால் 86 ஹெர்ட்ஸ் திரும்பவும் உச்சத்துக்கு வரும். ஆகவே நடு இடமும் ஆகாது. பின்சுவரிலிருந்து 1 மீட்டருக்கும் 1.5 மீட்டருக்கும் இடையே எங்காவதுதான் உங்களுக்குரிய இடம் அமையும். ஒரே பேஸ் பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நாற்காலியைக் கையளவு கையளவாக நகர்த்திக் கேளுங்கள். அகலமும் உயரமும் ஒரே அளவாக இருப்பதால் 57 ஹெர்ட்ஸில் இரண்டு அலைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. அகலத்தின் நடுக்கோட்டில் உட்காரும்வரை அவற்றுள் ஒன்றிலிருந்தாவது தப்பித்துவிடலாம். பக்கவாட்டில் நகர்ந்து உட்காரக் கூடாது என்பதற்கு அது ஒரு காரணம்.

அடுத்து ஸ்பீக்கர்கள். அவற்றை மூலையிலிருந்து வெளியே எடுத்து, ஒன்றுக்கொன்று 1.8 மீட்டர் இடைவெளி இருக்கும்படி, பின்னாலுள்ள சுவரிலிருந்தும் முன்னுக்கு இழுத்து வையுங்கள். இரண்டு பெட்டிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும் என்பார்கள். இந்த அறையில் அது கச்சிதமாக வராது, வராவிட்டாலும் பாதகமில்லை. ஆனால் இரண்டு பெட்டிகளிலிருந்தும் உங்கள் தலைக்குள்ள தூரம் சமமாக இருந்தே ஆக வேண்டும். அதைக் கண்ணால் மதிப்பிடாமல், ஒரு கயிற்றை நாற்காலியின் தலைப்பகுதியில் பிடித்துக்கொண்டு இரண்டு ட்வீட்டர்களுக்கும் (பெட்டியில் உச்ச ஒலியைத் தரும் சிறிய பகுதி) அளந்து பாருங்கள். ட்வீட்டர் காதின் உயரத்தில் இருக்க வேண்டும். அலமாரி தாழ்வாக இருந்தால் பெட்டியின் முன்பக்கத்துக்கு அடியில் கட்டியான ரப்பர் துண்டுகளை வைத்து, ட்வீட்டர் காதை நோக்கும்படி நிமிர்த்திவிடலாம். அந்த ரப்பர், பெட்டியின் அதிர்வு அலமாரிப் பலகைக்கு இறங்குவதையும் ஓரளவு தடுக்கும். பிறகு ஒரு பேச்சுப் பதிவை மோனோவில் (இரண்டு பெட்டிகளிலும் ஒரே ஒலி வரும்படி) ஓடவிட்டு, பேசுபவர் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, விரலால் சுட்டிக்காட்டும் அளவுக்கு ஒடுங்கி நிற்கும்வரை பெட்டிகளைச் சிறிது சிறிதாக உள்நோக்கித் திருப்புங்கள். ‘ச’ ஒலி அதிகம் கீறினால், பெட்டி உங்கள் முகத்தை நேராகப் பார்க்காமல் தோளுக்கு வெளியே பார்க்கட்டும்.

காற்றுவழி:

பின்புறம் போர்ட் உள்ள பெட்டி என்பதால் இன்னொன்றையும் சேர்த்துச் செய்து பாருங்கள். சுத்தமான காலுறை ஒன்றைச் சுருட்டி போர்ட்டுக்குள் தளர்வாகச் செருகினால் கீழ் பேஸ் குறையும், ஆனால் இறுக்கமும் தெளிவும் கூடும். முழுவதும் அடைப்பதா பாதி அடைப்பதா என்பதைக் காதே முடிவு செய்யட்டும். உள்ளே விழுந்துவிடாதபடி ஒரு முனையை மட்டும் வெளியே விட்டுவையுங்கள்.

மரச்சட்டம்:

முட்டை அட்டை வேண்டாம். அது மெல்லியது, எளிதில் தீப்பிடிப்பது, பேஸுக்கு எதுவும் செய்யாதது. அதே விலக்கு, அழகுக்காக விற்கப்படும் 2.5 சென்டிமீட்டர் ஸ்பாஞ்சுக்கும் பொருந்தும். துளைகள் நிறைந்த பொருள், தன் வழியே காற்றுத் துகள்கள் வேகமாக அசையும் இடத்தில் இருந்தால்தான் ஒலியை உறிஞ்சும். சுவரை ஒட்டிய இடத்தில் அந்த அசைவு இல்லை, சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளித்தான் அது உச்சத்தில் இருக்கிறது. 2.5 சென்டிமீட்டர் கால் அலைநீளமாக அமைவது 3,400 ஹெர்ட்ஸுக்கு அருகில். அதாவது அந்த ஸ்பாஞ்சு உச்சப்பகுதியை மட்டும் தின்றுவிட்டு, முழங்கும் பகுதியை அப்படியே விட்டுவிடும். அறை முழுவதும் அதை ஒட்டியவர்கள், ‘எதிரொலி போய்விட்டது, ஆனால் பாட்டு செத்துவிட்டது’ என்று சொல்வது இதனால்தான்.

ஒலியை உறிஞ்ச எதைப் பயன்படுத்தலாம் என்பதில் முதல் முறையான ஆய்வே வீட்டுப் பொருளைக் கொண்டுதான் நடந்தது என்பது சுவையான செய்தி. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. பேசிய சொல் 5 நொடிக்கும் மேலாக அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும் பொறுப்பை ஏற்ற வாலஸ் சபீன் என்ற இளம் இயற்பியலாளர், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஊதவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் அளந்தார். இன்றுவரை பயன்படும் சபீன் வாய்ப்பாடு அந்த மெத்தைகளிலிருந்து பிறந்ததுதான்: அறையின் கொள்ளளவைக் கனமீட்டரில் எடுத்து 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சு பரப்பால் வகுத்தால் எதிரொலி நேரம் கிடைக்கும். உங்கள் அறை 36 கனமீட்டர். ஒலி 0.4 நொடியில் அடங்க வேண்டுமானால் ஏறத்தாழ 14.5 சதுர மீட்டர் முழு உறிஞ்சு பரப்பு தேவை. சிறிய அறையின் கீழ் பேஸுக்கு இந்தக் கணக்கு செல்லாது, ஆனால் கை தட்டும்போது வரும் அந்த ‘ட்ரிங்’ ஒலிக்கு நன்றாகவே பொருந்தும். தரையில் தடித்த கம்பளம், புத்தகம் அடுக்கிய அலமாரி, துணிச் சோபா ஆகியவை இந்தப் பரப்பில் கணிசமானதை ஈடுகட்டிவிடும், மிச்சத்துக்குத்தான் பலகைகள்.

பலகை செய்வது ஒரு பிற்பகல் வேலை. 120 சென்டிமீட்டருக்கு 60 சென்டிமீட்டர் அளவில், 10 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு மரச்சட்டம் அடியுங்கள். அதற்குள் ராக்வுல் (கல்லிழைப் பஞ்சு) பாளத்தைப் பொருத்தி, முன்னும் பின்னும் துணியால் இழுத்துப் போர்த்தி, சட்டத்தின் பின்பக்கம் ஊசிபோட்டுத் தையுங்கள் அல்லது ஸ்டேப்ளர் அடியுங்கள். துணியைத் தேர்ந்தெடுக்கும் சோதனை எளிது: வாயோடு வைத்து ஊதினால் காற்று தடையில்லாமல் மறுபக்கம் வர வேண்டும், வராத துணி ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும். ராக்வுல்லை வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். அதன் இழை தோலில் ஏறினால் அன்று இரவு முழுவதும் அரிக்கும். பலகையைச் சுவரில் ஒட்டாமல் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால், அதே பொருள் இன்னும் கீழ் அதிர்வெண்களிலும் வேலை செய்யத் தொடங்கும். இடைவெளிக்குச் செலவே இல்லை என்பதால் அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

எங்கே தொங்கவிடுவது? நீங்கள் நாற்காலியில் அமர்ந்துகொண்டு, வீட்டில் ஒருவரை ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி, ட்வீட்டரின் உயரத்தில் மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ட்வீட்டர் தெரிகிறதோ, அந்த இடத்திலிருந்துதான் முதல் எதிரொலி உங்கள் காதுக்கு வருகிறது, பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் அந்தக் குறியின் மேல் பலகை. இடப்பக்கம் அந்தக் குறி சன்னலின் மேல் விழுந்தால், சன்னலின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு அகலமுள்ள கனமான திரையை, மடிப்பு மடிப்பாக விழும்படி, கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள். உங்கள் குரல் சிதறுவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இந்தச் சன்னலைத்தான்: ஒரு பக்கம் கண்ணாடியும் மறுபக்கம் சுவரும் இருக்கும்போது இரண்டு காதுக்கும் ஒரே மாதிரி எதிரொலி வருவதில்லை.

ஈயப்பற்று:

அறையைப் பற்றி மேலே சொன்னவற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை, ஆனால் பெட்டியை நகர்த்தும் முன் மின்னிணைப்புகளைப் பார்த்துவிடுவது நல்லது. ஆம்ப்ளிஃபையரை அணைத்து, மின்செருகியையும் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றுங்கள். செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் அந்த நுனியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி, இழைகளை இறுக முறுக்கிச் செருகுங்கள்; பிரிந்த ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆம்ப்ளிஃபையருக்கு ஆபத்து. இணைப்பு முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். திரும்பப் பொருத்தும்போது சிவப்பு சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போகிறதா என்று இரண்டு முனைகளிலும் பாருங்கள். ஒரு பெட்டியில் மட்டும் அது மாறியிருந்தால் இரண்டு வூஃபர்களும் எதிரெதிர்த் திசையில் அசைந்து பேஸை அழித்துவிடும், குரலும் நடுவில் நிற்காது. கம்பியின் நிறத்தை நம்ப முடியாவிட்டால், 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை ஆம்ப்ளிஃபையர் பக்கத்து நுனிகளில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். நேர்முனை சிவப்பில் பட்டால் வூஃபர் கூம்பு வெளிநோக்கித் துள்ள வேண்டும். அந்த நேரத்தில் கம்பிகள் ஆம்ப்ளிஃபையரில் இணைந்திருக்கக் கூடாது.

கேபிளைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 5 மீட்டர் இழுத்தால், போக வர இரண்டும் சேர்ந்து மின்தடை 0.12 ஓம் அளவில்தான் இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது ஒரு பொருட்டே இல்லை. உங்கள் கம்பி அந்தத் தடிமனில் இருந்தால் மாற்றுவதற்குக் காரணமில்லை. தலைமுடி போன்ற மெல்லிய கம்பியாக இருந்தால் மட்டும் சாதாரணத் தடித்த செம்புக் கம்பியாக மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் விலை கொடுத்து வாங்கும் கம்பியைக் கழுத்தில் மாலையாகத்தான் போட்டுக்கொள்ளலாம்.

பெட்டிகள் பழையவையாக இருந்தால் வூஃபர் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரல்நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ரப்பராக இருந்தால் கவலையில்லை. ஃபோம் வளையமாக இருந்து, விரலில் பிசுபிசுப்பான கறுப்புத் துகள் ஒட்டினால் அது உளுத்துவிட்டது. கூம்பு நேராக அசையாது, பேஸ் உறுமும். வளையத்தை மட்டும் தனியாக வாங்கி நாமே ஒட்டிவிடலாம். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிய வளையத்தை முதலில் கூம்போடும், அது காய்ந்த பிறகு சட்டகத்தோடும் ஒட்ட வேண்டும். இரண்டாவது பசை இறுகும் முன், கூம்பை நான்கு விரல்களால் சமமாக அழுத்தி விட்டுக் காதை அருகில் வைத்துக் கேளுங்கள். ‘சர்’ என்று உராய்வு கேட்டால் வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) நடுவில் இல்லை என்று பொருள், பசை காயும் முன் கூம்பைச் சற்று நகர்த்திச் சரிசெய்துவிடலாம். ஆம்ப்ளிஃபையரை மட்டும் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் நிற்கும்.

தாழ்சுருதி:

அனைவருக்கும் நன்றி. முழங்கியது எஃப் சுரம்தான். நாற்காலியைப் பின்சுவரிலிருந்து 1.2 மீட்டருக்குக் கொண்டுவந்ததும் அந்த முழக்கம் பெருமளவு அடங்கிவிட்டது. இணைப்புகள் சரியாகத்தான் இருந்தன, வளையமும் ரப்பர். ஸ்பீக்கர்கள் இப்போது தாங்கிகளின் மேல், வூஃபரின் முகம் பின்னாலுள்ள சுவரிலிருந்து 60 சென்டிமீட்டரில், இரண்டுக்கும் இடையே 1.8 மீட்டர் இடைவெளியோடு நிற்கின்றன. திரை கட்டிய பிறகு குரல் நடுவுக்கு வந்துவிட்டது. பலகை வேலை இன்னும் பாக்கி.

நண்பரிடம் அளவீட்டு மைக் ஒன்றை இரவல் வாங்கி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் அளந்தேன். 43 ஹெர்ட்ஸ் அருகே ஒரு மேடும், 140 ஹெர்ட்ஸை ஒட்டி ஆழமான ஒரு பள்ளமும் தெரிகின்றன. ஆண் குரல்கள் இப்போது மெலிந்து ஒலிப்பதற்கு அந்தப் பள்ளம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஈக்வலைசரில் (அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) மேட்டைத் தணித்து, பள்ளத்தை 10 டெசிபல் உயர்த்திவிடலாமா?

சுவரோரம்:

மேட்டைத் தணிக்கலாம், பள்ளத்தைத் தொடக் கூடாது. ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியும், பின்னால் சென்று சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் எதிரெதிராகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் உண்டான பள்ளம் அது. நீங்கள் நேர் ஒலியை உயர்த்தினால் திரும்பி வருவதும் அதே அளவு உயர்ந்து, பள்ளம் அப்படியே இருக்கும். 10 டெசிபல் உயர்த்துவது என்றால் அந்த அதிர்வெண்ணில் ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு ஆற்றல் தர வேண்டும். 5 அங்குல வூஃபர் அதைத் தாங்காது.

பள்ளம் எங்கே விழும் என்பதைச் சுவருக்குள்ள தூரம்தான் முடிவு செய்கிறது. வூஃபரின் முகத்துக்கும் சுவருக்கும் இடையிலான தூரம் கால் அலைநீளமாக அமையும் இடத்தில் அது விழும். 60 சென்டிமீட்டருக்கு அது 143 ஹெர்ட்ஸ். 3 மீட்டர் அகலத்தில் 1.8 மீட்டரைக் கழித்துப் பாருங்கள்: பக்கச் சுவர்களுக்கும் அதே 60 சென்டிமீட்டர்தான் மிஞ்சுகிறது. இரண்டு சுவர்களும் ஒரே அதிர்வெண்ணில் குழி பறிப்பதால்தான் அது அவ்வளவு ஆழமாக இருக்கிறது. தாங்கியின் உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வூஃபர் தரையிலிருந்து அதே தூரத்தில் இருந்தால் மூன்றாவது குழியும் அங்கேயே விழும். பெட்டிகளைப் பின்னுக்குத் தள்ளி 45 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் அவற்றின் பின்னாலுள்ள சுவரால் வரும் பள்ளம் 190 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும், பக்கச் சுவருடையது மட்டும் 143இல் நிற்கும். இரண்டு ஆழமில்லாத பள்ளங்களைக் காது பொருட்படுத்தாது. ஒரே ஆழமான பள்ளத்தைத்தான் குரல் மெலிவாக உணரும்.

மரச்சட்டம்:

நீங்கள் செய்யப்போகும் பலகைகளில் இரண்டை, பக்கச் சுவர்களில் மாட்டுவதற்கு முன்னதாக, ஸ்பீக்கர்களுக்கு நேர் பின்னால் வைத்துப் பாருங்கள். 190 ஹெர்ட்ஸ் அளவுக்கு மேலே ஏறிவிட்ட பள்ளத்தை, 10 சென்டிமீட்டர் ராக்வுல்லும் அதன்பின் இடைவெளியும் சேர்ந்து கொஞ்சமாவது நிரப்பும்.

ஈயப்பற்று:

43 ஹெர்ட்ஸ் மேட்டுக்கு ஈக்வலைசர் ஏபிஓ போன்ற இலவச மென்பொருளில் குறுகலான ஒரே ஒரு வடிகட்டி போதும். மேடு எவ்வளவு உயரமோ அவ்வளவே தணியுங்கள். அதற்குக் கீழே பள்ளமாக்க வேண்டாம். சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேலே வரைபடத்தில் தெரியும் சிறு சிறு பற்களை நேராக்க முயலாதீர்கள். மைக்கை ஒரு சாண் நகர்த்தினால் அவை வேறு இடத்தில் இருக்கும். வடிகட்டியோடும் அது இல்லாமலும் மாற்றி மாற்றிக் கேட்கும்போது இரண்டின் சத்தத்தையும் அளந்து சமப்படுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக் காது எப்போதும் ‘நல்ல ஒலி’ என்றே தேர்ந்தெடுக்கும். பெட்டிகளை 45 சென்டிமீட்டருக்கு மாற்றிய பிறகு முதலில் அளந்துவிட்டு, வடிகட்டியை அதற்கப்புறம் போடுங்கள். பெட்டி நகர்ந்தால் மேட்டின் உயரமும் மாறியிருக்கும்.